நிபோங் திபால் அக்காவின் கைப்பேசியில் 610 எம்பி

பிள்ளைகள் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க நாங்கள் செய்த விளையாட்டுச் செயலியின் அளவு 412 எம்பி. மலேசியாவின் நிபோங் திபாலில் இருக்கும் அக்கா ஒருவரின் கைப்பேசியில் மிச்சமிருந்த இடம் 610 எம்பி. கணக்குப்படி இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. போதிய இடம் இல்லை என்று மூன்றாவது முறையும் வந்தது. முதலாம் ஆண்டு படிக்கும் அவருடைய சின்ன மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், கேம் வந்துருச்சா?"

நான் பகலில் பினாங்கில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். வீடு பட்டர்வொர்த்தில். ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் எனக்கான நேரம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, என் தமக்கையின் மூன்று பிள்ளைகள் ஒரே கைப்பேசியை வைத்துக்கொண்டு முறைபோட்டுப் படித்ததைக் கூட இருந்து பார்த்தேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு விளையாட்டுச் செயலி செய்யவேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. பணி ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் பாடம் எழுதிக் குரல் கொடுத்தார். படம் வரைய ஒரு நண்பர் சேர்ந்தார். முதல் மூன்று ஆண்டுகளுக்கான எழுத்து, ஆயிரத்து இருநூறு சொல், இருபத்து நான்கு குட்டிக் கதை. பலர் கூடிச் செய்யும் வேலையை மூன்று பேர் செய்ததால் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

முதல் தடவை கட்டி முடித்த கோப்பு 1 ஜிபிக்கு மேல் போனது. கூகள் பிளே செயலிக்கடை அதை ஏற்கவில்லை. ஏற்காததில் தப்பும் இல்லை. செயலியின் அடிப்படைப் பகுதி 200 எம்பிக்குள் இருக்கவேண்டும் என்பது அங்கே எழுதிவைத்த விதி. நான்தான் கடைசி நாள்வரை படிக்காமல் விட்டேன். ஒரு காலத்தில் இந்த வரம்பு வெறும் 50 எம்பி. 2012-ல் 'ஓபிபி' என்ற துணைக்கோப்புகளை, ஒவ்வொன்றும் 2 ஜிபி வரை இரண்டு, தனியே சேர்த்துக்கொள்ள வழி விட்டார்கள். 2015-ல் வரம்பு 100 எம்பி ஆனது. 2021 ஆகஸ்டிலிருந்து புதிய செயலிகள் எல்லாம் 'ஆப் பண்டில்' என்ற வடிவத்தில்தான் போகவேண்டும். அதில் படம், ஒலி போன்ற கனமான சரக்கைத் தனித் தொகுப்புகளாகப் பிரித்து வைக்கலாம். ஆப்பிள் பக்கம் கொஞ்சம் தாராளம். 2015-ல் 2 ஜிபி வரம்பை 4 ஜிபியாக உயர்த்தினார்கள். ஆனால் 200 எம்பியைத் தாண்டினால் மொபைல் டேட்டாவில் இறக்குவதற்கு முன் ஐபோன் ஒரு கேள்வி கேட்கும்.

நான் என்ன செய்தேன் என்றால், ஒலிகளை எம்பி3 ஆக்கினேன், எல்லாவற்றையும் ஒரு தனித் தொகுப்பில் போட்டேன், நிறுவும்போதே சேர்ந்து இறங்கும்படி வைத்தேன். 412 எம்பி. ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு மூவரும் மாமாக் கடை என்கிற இந்திய முஸ்லிம் உணவகத்தில் உட்கார்ந்து தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) குடித்தோம். விதியைத் தாண்டிவிட்டோம், இனி பிள்ளைகள் கைக்குப் போய்விடும் என்று டீச்சர் சந்தோஷப்பட்டார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அடுத்த சனிக்கிழமைதான் நிபோங் திபாலில் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன்.

610 எம்பி இருந்தும் 412 எம்பி ஏன் இறங்கவில்லை என்பதை அந்த முன்வாசலில் உட்கார்ந்தபோது என்னால் சொல்ல முடியவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன். ஆண்ட்ராய்டு தனக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. பொதுவாக மொத்தச் சேமிப்பகத்தில் 5 சதவீதம் அல்லது 500 எம்பி, இரண்டில் எது குறைவோ அது. 32 ஜிபி கைப்பேசியில் அது 500 எம்பி. அந்தக் கோட்டை நெருங்கினால் புதிதாக எதையும் நிறுவ விடாது. ஆக, 610-ல் உண்மையில் கைவசம் இருந்தது 110 எம்பி. அதற்கு மேல், இறங்கும் கோப்புக்கு ஓர் இடம், அதை நிறுவ இன்னும் கொஞ்சம் இடம் என்று தற்காலிகத் தேவை வேறு. பெரிய விளையாட்டுகளைப் புதுப்பிக்கும்போதும் இதேதான் நடக்கிறது: புதியது சரியாக வந்து உட்காரும்வரை பழையது அழியாது. அதனால் 2 ஜிபி புதுப்பிப்பு என்றால் 2 ஜிபி மட்டும் காலியாக வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். இரண்டு மடங்கு காலியாக இருந்தால் நிம்மதி.

அக்கா பத்து காவானில் இரண்டாம் ஷிப்ட் பார்ப்பவர். அன்றைக்கு ஓய்வு நாள். "தம்பி, என்னத்த அழிக்கணும்னு சொல்லுங்க, அழிச்சிருவோம்" என்று கைப்பேசியை என்னிடமே கொடுத்துவிட்டார். அமைப்புகளுக்குள் போய்ச் சேமிப்பகத்தைத் திறந்தேன். கைப்பேசியின் இயங்குதளம் மட்டும் 11 ஜிபி எடுத்திருந்தது. அதைத் தொட முடியாது. பெட்டியில் 32 ஜிபி என்று போட்டிருந்தால் நம் பங்குக்கு வருவது 20-ஐ ஒட்டித்தான். மிச்சத்தில் மூத்த மகன் ஆடும் ஒரு விளையாட்டு 9 ஜிபி. வாட்ஸ்அப் 7 ஜிபி.

மகனுக்கு வயது பதினான்கு. அடுப்படியிலிருந்து ஓடி வந்தான். "அண்ணே, அத அழிச்சிராதீங்க, என் ரேங்க் போயிரும்!"

அவன் பயம் நியாயமானது. இந்த விளையாட்டுகள் செயலிக்கடையில் காட்டும் அளவு ஒன்று, உள்ளே போனபின் எடுக்கும் அளவு வேறு. முதலில் சிறிதாக இறங்கும்; திறந்தவுடன் வரைபடம், கதாபாத்திரம், குரல், உயர்தரப் படம் என்று உள்ளிருந்தே இறக்கிக்கொண்டே போகும். கடை விதிக்கும் வரம்பு இந்த உள்சரக்குக்குப் பொருந்தாது. கடைக்கு வெளியே, விளையாட்டு நிறுவனத்தின் சொந்த சர்வரிலிருந்து வருகிற சரக்கு அது. அதனால் அழிக்கும் வழியும் விளையாட்டுக்கு உள்ளேயே இருக்கும். பெரும்பாலும் அமைப்புகளில் 'ரிசோர்ஸ்' அல்லது 'டவுன்லோட்' என்று ஒரு பகுதி உண்டு. அவனை உட்கார வைத்து இருவரும் சேர்ந்தே பார்த்தோம். அவனுக்குப் புரியாத ஒரு மொழியின் குரல் தொகுப்பு இருந்தது. அவன் முடித்துவிட்ட பழைய கதைப்பகுதிகள் இருந்தன. ஒருபோதும் ஆடாத வரைபடங்கள் இரண்டு. எடுத்தவுடன் ஏறக்குறைய 3 ஜிபி திரும்ப வந்தது. அவன் ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அதற்குமுன் ஒன்று செய்தோம். அவன் 'கெஸ்ட்' கணக்கில் ஆடிக்கொண்டிருந்தான். கணக்கு எந்த மின்னஞ்சலோடும் சேர்க்கப்படவில்லை. அந்த நிலையில் விளையாட்டை நீக்கியிருந்தாலோ, 'கிளியர் டேட்டா' அழுத்தியிருந்தாலோ, கைப்பேசியே உடைந்துபோயிருந்தாலோ அவனுடைய இரண்டு வருஷ ஆட்டம் போயிருக்கும். முதலில் கணக்கை மின்னஞ்சலோடு சேர்த்தோம், வெளியே வந்து மறுபடி உள்ளே போய் ரேங்க் இருக்கிறதா என்று பார்த்தோம், அதன் பிறகே கைவைத்தோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசியில் இதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

எஸ்டி கார்டு போட்டால் என்ன என்று அக்கா கேட்டார். பினாங்கின் கொம்தார் கடைத்தொகுதியில் 128 ஜிபி கார்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார், பாவம், அதற்காகவே. படம், வீடியோ எல்லாவற்றையும் அதற்கு மாற்றினோம். அதில் பலன் இருந்தது. விளையாட்டு மட்டும் நகரவில்லை. கார்டையும் உள்சேமிப்பகம் போலவே பயன்படுத்தும் வசதி ஆண்ட்ராய்டு 6-ல், 2015-லேயே வந்தது. ஆனால் பல கைப்பேசிகளில் தயாரிப்பாளர்கள் அதைத் திறந்துவிடுவதில்லை. பெரிய விளையாட்டுக்காகக் கார்டு வாங்க நினைப்பவர்கள், அந்தக் கைப்பேசி மாதிரியில் அது நடக்குமா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். 7 ஜிபி. அங்கே கைவைக்கப் போனதும் அக்கா சட்டென்று கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

"அது மட்டும் வேணாம் தம்பி. அப்பா குரல் இருக்கு அதுல."

அவருடைய அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தினமும் காலையில் குரல் பதிவு அனுப்புவாராம். சாப்பிட்டியா, பிள்ளைங்க பள்ளிக்குப் போனாங்களா, இவ்வளவுதான். அதை அழிக்கவே மாட்டோம், எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று மட்டும் பார்ப்போம் என்று சொன்னேன். சேமிப்பை நிர்வகிக்கும் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வோர் ஆளுக்கும் ஒவ்வொரு குழுவுக்கும் எவ்வளவு என்று வரிசையாகக் காட்டும். மேலே இருந்தவை எல்லாம் குழுக்கள். தாமான் (குடியிருப்பு) குழு, சொந்தக்காரர் குழு, வகுப்புக் குழு. பலமுறை பகிரப்பட்ட வீடியோக்கள் மட்டுமே நாலு ஜிபிக்கு மேல். ஒரே காலை வணக்க வீடியோ நாலு குழுவிலிருந்து நாலு தடவை. அப்பாவின் பெயர் வரிசையில் வெகு கீழே கிடந்தது. மூன்று வருஷக் குரல், ஏழு நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகள், எல்லாம் சேர்ந்து 60 எம்பிகூட இல்லை.

அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. "இவ்ளோ தானா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஒன்றை ஒலிக்கவிட்டுப் பார்த்தார். அப்பா பின்னால் சேவல் கூவுவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

அன்றைக்கே அந்த 60 எம்பியைப் பிரதி எடுத்து, கார்டில் ஒன்றும் அவருடைய கூகள் டிரைவில் ஒன்றும் வைத்துக் கொடுத்தேன். வீடியோக்களை அவரே உட்கார்ந்து அழித்தார். எங்கள் செயலி இறங்கியது. சின்னவள் ஆட ஆரம்பித்தாள். எனக்கு மனசு நிறையவில்லை. ஒரு குடும்பத்தின் கைப்பேசியை இரண்டு மணி நேரம் துழாவி, அம்மாவைப் பதறவைத்து, பிள்ளையை மிரட்டித்தான் எங்கள் விளையாட்டுக்கு இடம் கிடைத்தது. மற்ற வீடுகளுக்கு யார் போய் இதைச் செய்வது? கூகள் பிளே 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், செயலியின் அளவு ஒவ்வொரு 6 எம்பி கூடும்போதும் நிறுவுவோர் விகிதம் 1 சதவீதம் குறைகிறது என்று சொல்லியிருந்தார்கள். அதை எப்போதோ படித்திருந்தேன். அந்த ஒரு சதவீதத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பினாங்குத் தீவுக்குப் போகும் பாலத்தைத் தாண்டி ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போனேன். 60 எம்பிகூட இல்லாத அக்காவுடைய அப்பாவின் குரல் பற்றித்தான் முதலில் பேசினோம். எழுபது நிமிஷக் குரலுக்கு நாங்கள் 168 எம்பி செலவழித்திருந்தோம். இசைக்கு வைக்கிற உச்சத் தரத்தில், இரண்டு காதுக்கும் தனித்தனியாக. ஒரே ஒலிவாங்கியில் ஒருவர் பேசிய குரலுக்கு இரண்டு தடம் எதற்கு? ஒற்றைத் தடமாக்கி, வோர்பிஸ் என்ற ஒலிச்சுருக்க வடிவத்தில் நொடிக்கு 48 கிலோபிட் வைத்தோம். எழுபது நிமிஷமும் ஏறக்குறைய 25 எம்பியில் அடங்கிவிட்டது.

இதில் பேராசைப்பட்டு ஒரு தப்பும் செய்தேன். இன்னும் குறைக்கலாமே என்று ஒலியின் மாதிரி வீதத்தை, அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிக்கிறோம் என்பதை, 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். பழைய தொலைபேசியில் கேட்கும் குரல் அந்தத் தரம்தான். 10 எம்பிக்கும் கீழே வந்தது. டீச்சர் கேட்டுவிட்டு உடனே நிறுத்தச் சொன்னார். "தம்பி, 'சங்கு'ல வர்ற ச-வும் 'ஃபோன்'ல வர்ற ஃப-வும் எனக்கே ஒண்ணாக் கேக்குது. இத வச்சுப் பிள்ளைக்கு என்ன சொல்லித் தர்றது?" அவர் சொன்னது சரி. காற்றுரசி வரும் ஒலிகளின் அடையாளம் உயர் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. 8 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எதுவும் மிஞ்சாது. மொழி கற்பிக்கும் செயலி செய்பவர்கள் நொடிக்கான கிலோபிட் அளவைக் குறையுங்கள், மாதிரி வீதத்தில் கைவைக்காதீர்கள். சுருக்கிய பிறகு அந்த மொழியை நன்றாகக் கேட்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். இந்தச் சோதனையை எந்தக் கருவியும் நமக்காகச் செய்யாது.

அடுத்து சொற்கள். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆயிரத்து இருநூறு தமிழ்ச் சொற்களையும் நாங்கள் படங்களாக வைத்திருந்தோம். 131 எம்பி. காரணம், முதலில் நாங்கள் எடுத்துக்கொண்ட விளையாட்டுப் பொறி (விளையாட்டைக் கட்டப் பயன்படும் மென்பொருள்) தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டவில்லை. 'கொ' என்று கொடுத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், ககரம் எங்கோ போய் நிற்கும். குறுக்குவழியாக ஒவ்வொரு சொல்லையும் படமாக்கினோம், அதுவும் இரண்டு அளவில். தமிழில் தட்டச்சு செய்ய உதவும் முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கியவரின் நாடு இது. ஐபோனில் இருக்கும் 'தமிழ் சங்கம் எம்என்' எழுத்துருவின் பெயரில் உள்ள 'எம்என்' என்ற இரண்டெழுத்து, அவற்றை உருவாக்கிய நம் நாட்டு முத்து நெடுமாறனின் பெயர்தான். கைப்பேசியில் தமிழைத் தமிழாகவே காட்ட இத்தனை பேர் இத்தனை காலம் உழைத்திருக்க, நாங்கள் படம் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தோம். 2023-ல் வந்த கோடோ 4 பொறியில் 'ஹார்ஃப்பஸ்' என்ற எழுத்து அமைப்பு நூலகம் உள்ளேயே இருக்கிறது. கொம்பும் காலும் அததன் இடத்தில் நிற்கின்றன. அதற்கு மாற நாலு மாதம் பிடித்தது. 131 எம்பி போய், 1 எம்பிக்கும் குறைவான ஓர் எழுத்துரு வந்தது. எழுத்துப் பிழை கண்டால் இப்போது ஒரு வரியைத் திருத்தினால் போதும். முன்பு படத்தைத் திரும்பச் செய்யவேண்டும்.

கதைப்படங்கள் 88 எம்பி. நண்பர் டேப்லெட்டில் வரைபவர், அதன் திரையளவுக்கே வரைந்திருந்தார். அக்காவின் கைப்பேசித் திரை 720 புள்ளி அகலம். அளவைக் குறைத்து, பிஎன்ஜி என்ற பட வடிவத்திலிருந்து, அதைவிடச் சுருங்கும் வெப்பி வடிவத்துக்கு மாற்றியதும் 19 எம்பி. நண்பர் இரண்டையும் அதே கைப்பேசியில் அருகருகே வைத்துப் பார்த்தார். வித்தியாசம் அவர் கண்ணுக்கே தெரியவில்லை.

பொறியும் நிரலும் 25. ஆக மொத்தம் 70 எம்பி. அதையும் பிரித்தோம். முதலாம் ஆண்டுப் பாடத்தோடு செயலி 38 எம்பி. இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் வேண்டியபோது இறக்கிக்கொள்ள ஒவ்வொன்றும் 16. மேலே போன பிள்ளை பழைய ஆண்டை ஒரு பொத்தானில் நீக்கிவிடலாம். வாங்கிய நட்சத்திரங்கள் போகாது. தொகுப்பை இறக்குமுன் கைப்பேசியில் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று செயலியே பார்த்து, போதாவிட்டால் எத்தனை எம்பி குறைகிறது என்று தமிழில் சொல்கிறது. பாதி இறங்கி நின்றுபோவதைவிட இது எவ்வளவோ மேல்.

வெளியிட்ட இரண்டாம் வாரம் ஒரு பிரச்சினை. "நேத்து ரெண்டாம் ஆண்டு இருந்துச்சு, இன்னைக்குக் காணோம்" என்று பெற்றோர் சிலர் சொன்னார்கள். இறக்கிய பாடங்களை நான் 'கேஷ்' என்ற தற்காலிகக் கோப்புறையில் வைத்திருந்தேன். இடம் குறைந்தால் ஆண்ட்ராய்டு யாரையும் கேட்காமல் அங்கே இருப்பதை அழிக்கும்; கேஷ் என்பதன் பொருளே அதுதான். இடமில்லாத கைப்பேசிகளுக்காகச் செய்த செயலியில், இடமில்லாத கைப்பேசிகளில் மட்டும் பாடம் காணாமல் போனது. நிரந்தரக் கோப்புறைக்கு மாற்றினேன். அந்தக் குழப்பத்தில் ஓர் அம்மாவிடம் தொலைபேசியில் "கேஷை அழியுங்கள்" என்று சொல்வதற்குப் பதில் "டேட்டாவை அழியுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டுப் பையனின் 214 நட்சத்திரங்களும் போயின. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் என்னோடு பேசவில்லை. கேஷை அழித்தால் செயலி கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், அவ்வளவே. டேட்டாவை அழித்தால் அன்றைக்குத்தான் நிறுவியதுபோல் ஆகிவிடும். இரண்டு பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன; யாருக்காவது தொலைபேசியில் வழி சொல்வதாக இருந்தால் நிதானமாகச் சொல்லுங்கள்.

இப்போது என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய 32 ஜிபி கைப்பேசி இருக்கிறது. கொம்தாரில் 150 வெள்ளிக்கு (ரிங்கிட்) இரண்டாம் கையாக வாங்கியது. வெற்று வீடியோக்களைப் போட்டு நிரப்பி, மிச்சம் சரியாக 610 எம்பி இருக்கும்படி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் அதில்தான் முதலில் நிறுவிப் பார்ப்போம். நான்காம் ஆண்டுத் தொகுப்பைப் போன வாரம் அதில் ஏற்றினேன். இறங்கியது, ஆனால் ஆறாவது கதையில் இடம் குறைகிறது என்று அறிவிப்பு வந்தது. ஆற்றங்கரைப் படம் ஒன்றே 4 எம்பி. நண்பர் அதைத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறார்.